தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் உயில் எழுதும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் 21 வருடம் டைப் அடித்தவள். என் கணவர் 2006-இல் தவறினார். அப்போது மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. இப்போது மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான், மகள் கல்யாணமாகி லாசுப்பேட்டையில் இருக்கிறாள். என்னைப் போலவே துணை இல்லாமல் பிள்ளைகளை ஆளாக்கிய பலர், உயில் எழுத வேண்டும் என்று மனதில் வந்ததும் முதலில் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொன்னதையே திரும்பச் சொல்லாமல் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் இந்துக் குடும்பங்களுக்கான சட்டத்தைத்தான் சொல்கிறேன். கிறிஸ்தவர்கள், இஸ்லாமியர்கள், புதுச்சேரி ரெனோன்சான் (முன்னோர் காலத்தில் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிய) குடும்பங்களுக்குக் கீழே தனியாக இருக்கிறது.

எப்படியும் என் ரெண்டு பிள்ளைகளுக்கும் சமமாகத்தான் போகப்போகிறது. அப்புறம் உயில் எதற்கு?

சமமாகப் போகும், உண்மைதான். ஆனால் அந்தச் சமம் என்பது காகிதத்தில் பாதிப் பாதி. யார் வீட்டில் குடியிருப்பது, யார் பணமாக வாங்கிக்கொள்வது, மாடியைக் கட்டியது யார் காசு, அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு செய்தது யார், இதெல்லாம் அந்தப் பாதியில் எழுதியிருக்காது. அப்பாவும் அம்மாவும் உள்ள வீட்டில் ஒருவர் போனாலும் இன்னொருவர் இருப்பார். "உங்கப்பா இப்படித்தான் நெனச்சார், பேசாம இருங்க" என்று ஒரு அதட்டல் போட ஆள் இருக்கும். நம் வீட்டில் நாம் போய்விட்டால் அந்தக் குரலும் போய்விடும். அப்புறம் அண்ணன் சொல்வது ஒரு பேச்சு, தங்கை சொல்வது ஒரு பேச்சு, நடுவில் மாமனார் வீட்டார் சொல்வது மூன்றாவது பேச்சு. உயில் என்பது அந்த நேரத்தில் நாம் பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதி வைப்பது. அதனால் பங்கு சமமாக இருந்தாலும் எழுதுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

வீடு இறந்துபோன என் கணவர் பெயரில் இருக்கிறது. அவருக்குப் பிறகு அது எனக்குத்தானே? அப்படியே பிள்ளைகளுக்கு எழுதலாமா?

இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். நான் டைப் அடித்த விதவைப் பெண்களின் உயில்களில் அதிகம் பார்த்த பிழை இதுதான். "மேற்படி வீடு முழுவதும் எனக்குப் பாத்தியப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவார்கள். அது அவருக்கு முழுவதும் பாத்தியப்பட்டிருக்காது.

1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒரு ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், அவருடைய தாயார் எல்லோருக்கும் சமப் பங்கு. தாயாரைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் வீடு கணவர் பெயரில் இருந்தது. அவர் போனபோது என் மாமியார் உயிரோடு இருந்தார். ஆக நான், மகன், மகள், மாமியார், ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. மாமியார் 2014-இல் காலமானார், அவரும் உயில் எழுதவில்லை. அவருடைய கால் பங்கு மூன்றாகப் பிரிந்தது: கொழுந்தனாருக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, என் கணவர் முன்னாலேயே இறந்துவிட்டதால் அவருடைய பங்கு என் பிள்ளைகள் இருவருக்கும். அந்தப் பங்கில் மருமகளான எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டை 24 பங்காக வைத்துப் பாருங்கள். எனக்கு 6, மகனுக்கு 7, மகளுக்கு 7, கொழுந்தனாருக்கு 2, நாத்தனாருக்கு 2. வரி கட்டுவது நான், ஓடு மாற்றியது நான், கரண்ட் பில்லும் என் பெயரில்தான் வருகிறது, ஆனாலும் என்னால் உயில் எழுத முடிந்தது 24-இல் 6 பங்குக்கு மட்டும்.

இதை எப்படிச் சரி செய்வது என்றால், மற்றவர்கள் சம்மதித்தால் அவரவர் பங்கை விடுதலைப் பத்திரம் மூலம் எழுதி வாங்கிப் பதிவு செய்யலாம். கொழுந்தனாரும் நாத்தனாரும் ஒரே நாளில் வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. எல்லாக் குடும்பத்திலும் அப்படி நடக்காது, அதனால் உறவு நன்றாக இருக்கும்போதே இதை முடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் காலமாகி அவர்கள் பிள்ளைகள் கைக்குப் பங்கு போனால் கையெழுத்துகளின் எண்ணிக்கை இரண்டிலிருந்து ஏழு எட்டு ஆகிவிடும்.

உயில் எழுதும் முன் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் மேசைமேல் வைத்து, இதில் என் பங்கு எவ்வளவு என்று முதலில் கணக்குப் போடுங்கள். பட்டாவில் உங்கள் பெயர் வந்துவிட்டதாலேயே முழு உரிமை வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கணவர் விட்டுப் போய் 18 வருடம் ஆகிறது. விவாகரத்து வாங்கவில்லை. என் சொத்தில் அவருக்கு உரிமை உண்டா?

உண்டு. கோர்ட்டில் விவாகரத்து ஆகாதவரை எத்தனை வருடம் பிரிந்திருந்தாலும் சட்டப்படி அவர் கணவர்தான். நீங்கள் உயில் எழுதாமல் காலமானால், உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மனையில்கூடப் பிள்ளைகளோடு சேர்த்து அவருக்கும் ஒரு சமப் பங்கு போகும். இரண்டு பிள்ளைகள் என்றால் அவருக்கு மூன்றில் ஒன்று. இத்தனை வருடம் ஒரு ரூபாய் அனுப்பாதவராக இருந்தாலும் இதுதான் சட்டம். இந்தப் பெண்களை நினைத்தால்தான் எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும், ஏனென்றால் இதைத் தடுக்க ஒரு வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சியும் போதும். உங்கள் நிலை இதுவானால் இந்த மாதமே எழுதுங்கள். விவாகரத்து ஆகிவிட்டது என்றால் அவருக்குப் பங்கு இல்லை.

மனைவி பிரிந்துபோய்த் தனியாகப் பிள்ளைகளை வளர்த்த அப்பாக்களுக்கும் இதே நிலைதான்.

எங்கள் அப்பா சொத்து எனக்கு வந்தது. அது பூர்வீகம், உயில் எழுத முடியாது என்கிறார்களே?

ஊரில் "பூர்வீகம்" என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். பெண்ணுக்கு வந்த சொத்து, அப்பா வழியில் வந்தாலும் கணவர் வழியில் வந்தாலும், அவருடைய பங்கு அவருக்கு முழு உரிமை. அதை அவர் இஷ்டப்படி எழுதலாம். ஆண்களைப் பொறுத்தவரை, 1956-க்குப் பிறகு இறந்த அப்பாவின் தனிச் சொத்தில் வாரிசாகக் கிடைத்த பங்கு அவருடைய தனிச் சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லியிருக்கிறது. உண்மையிலேயே கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால் அதில் தன் பங்குக்கு மட்டும் உயில் எழுதலாம். அந்தக் கூட்டுச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத் திருத்தம் வந்தது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. "பொண்ணுக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்ற பேச்சு சட்டத்தில் நிற்காது.

உயில் எழுதுவதா, இப்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுவதா?

மகனோ மகளோ "செட்டில்மெண்டாவே எழுதிடும்மா, பின்னாடி அலைய வேண்டாம்" என்று சொன்னால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

உயில் நாம் கண்ணை மூடிய பிறகுதான் பேசும். அதுவரை வீடு நம்முடையது, விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயிலையே கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். செட்டில்மெண்ட் பதிவான அன்றைக்கே சொத்து கை மாறிவிடும், மனசு மாறினால் நாமாக ரத்து செய்ய முடியாது. துணை உள்ளவர்களுக்காவது வீடு போனாலும் சாய்ந்துகொள்ள ஒரு ஆள் இருக்கும். நமக்கு இந்த வீடுதான் அந்த ஆள். ஒரு அம்மா காலையில் மகளோடு ஆட்டோவில் வந்து செட்டில்மெண்டில் கைரேகை வைத்துவிட்டுப் போனார், ஆறு மாதம் கழித்து தனியாக பஸ்ஸில் வந்து அதே வாசல்படியில் உட்கார்ந்து "அதத் திருப்பி எழுத முடியாதாம்மா?" என்று கேட்டார். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் மாத்திரைச் சீட்டும் அந்தப் பத்திரத்தின் ஜெராக்ஸும். அந்தப் பத்திரத்தை டைப் அடித்தவள் நான்தான், அதற்கு அப்புறம் தனியாக வருகிற எந்த அம்மாவிடமும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

ஏதாவது காரணத்துக்காக செட்டில்மெண்ட்தான் எழுத வேண்டும் என்றால் இரண்டு விஷயத்தை விடாதீர்கள். ஒன்று, என் ஆயுள் உள்ளவரை நானே குடியிருந்து வாடகையும் அனுபவிப்பேன் என்று ஆயுள் பாத்தியத்தை வைத்துக்கொள்வது. இன்னொன்று, என்னை உணவு, மருத்துவம் உட்படக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவது. 2007-ஆம் வருடப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில், 60 வயதுக்கு மேற்பட்டவர் அப்படி நிபந்தனை போட்டுக் கொடுத்த சொத்தை, பிள்ளைகள் கவனிக்கத் தவறினால் ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். தமிழ்நாட்டில் அந்த மனு வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்டிஓவிடம் போகும். நிபந்தனை எழுதாத பத்திரத்தோடு போய் நின்றால் வழக்கு ரொம்பக் கடினம்.

ஒரு பிள்ளைக்குக் குறைத்தோ, ஒன்றும் கொடுக்காமலோ எழுதலாமா?

இந்துக்கள் தங்கள் சொந்தச் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் குறைப்பதாக இருந்தால் அந்தப் பிள்ளையின் பெயரைக் குறிப்பிட்டு, காரணத்தையும் எழுதுங்கள். பெயரையே விட்டுவிட்டால் "அம்மாவுக்கு அப்போ நெனவே சரியில்ல, என்ன மறந்துட்டாங்க" என்று கோர்ட்டில் சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். காரணம் எழுதும்போது கோபத்தில் எழுதாதீர்கள். "மூத்த மகனுக்கு 2015-இல் கடை வைக்க 6 லட்சம் கொடுத்துவிட்டேன், ஆகையால் இந்த வீட்டை இளைய மகளுக்கு எழுதுகிறேன்" என்று நடந்ததை எழுதினால் போதும். குடிகாரன், உருப்படாதவன் என்றெல்லாம் எழுதி வைத்தால் அதைத்தான் அவன் ஆயுசுக்கும் படித்துக்கொண்டிருப்பான். நாம் எழுந்து வந்து சமாதானம் சொல்ல முடியாது.

இன்னொன்று, யாருக்கு அதிகம் எழுதுகிறீர்களோ அந்தப் பிள்ளை உயில் வேலையில் தலையிட வேண்டாம். அவரே வக்கீலைப் பிடித்து, அவரே அழைத்துப் போய், அவர் நண்பர்களே சாட்சி என்றால் கோர்ட் சந்தேகத்தோடுதான் பார்க்கும். நீங்களாகவே போய் நீங்களாகவே பணம் கட்டுங்கள்.

எந்தத் தாளில், எப்படி எழுத வேண்டும்? சாட்சி யார்?

முத்திரைத்தாள் தேவையில்லை. சாதாரண வெள்ளைத்தாள் போதும், கையால் எழுதினாலும் டைப் அடித்தாலும் செல்லும், தமிழிலேயே எழுதலாம். உங்களுக்குப் புரியும் மொழியில் இருப்பதுதான் நல்லது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் பக்கத்திலும் நீங்களும் சாட்சிகளும் போடுங்கள்.

குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், அல்லது இது என் கையெழுத்துதான் என்று நீங்கள் சொல்லக் கேட்க வேண்டும். அவர்கள் உங்கள் கண்முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

சாட்சி என்றதும் தன் வயதுள்ள சிநேகிதியையும் பக்கத்து வீட்டுப் பெரியவரையும் அழைத்து வருவார்கள். 25 வருடம் கழித்துக் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர், ஊரை விட்டுப் போகாதவர், சொத்தில் பங்கு வராதவர், அப்படிப் பாருங்கள். வயது 70-ஐத் தாண்டியிருந்தால், தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று டாக்டரிடம் அதே தேதியில் ஒரு சான்று வாங்கி உயிலோடு வையுங்கள். அந்த டாக்டரே ஒரு சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால் இன்னும் பலம்.

பதிவு செய்வது கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ஆனாலும் செய்துவிடுங்கள். முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவுக் கட்டணம் சிறிய தொகைதான். சார்பதிவாளர் முன்னால் போட்டோ, கைரேகை எல்லாம் பதிவாவதால் "இது அம்மா கையெழுத்தே இல்லை" என்ற பேச்சுக்கு இடம் குறையும். படுக்கையில் இருப்பவர்களுக்கு, காரணம் சொல்லி மனு கொடுத்தால் பதிவு அலுவலர் வீட்டுக்கே வந்து பதிவார்.

பதிவு செய்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். தெரியாது. உயில்கள் தனிப் புத்தகத்தில் பதிவாகின்றன, வில்லங்கச் சான்று போட்டால் வராது, நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கோ நீங்கள் அதிகாரம் கொடுத்தவருக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் தர மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. பதிவான உயிலைப் பதிவாகாத உயிலால் மாற்ற முடியாது என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது, அது தவறு. முறைப்படி எழுதிய கடைசி உயில் எதுவோ அதுதான் செல்லும். ஆகவே மாற்றி எழுதினால் அதையும் பதிந்து, "இதற்கு முன் எழுதிய உயில்களை எல்லாம் ரத்து செய்கிறேன்" என்ற வரியை மறக்காமல் போடுங்கள்.

முந்திரித் தோப்பு ரெண்டு ஏக்கர், ஒரே கிணறு. எப்படிப் பிரித்து எழுதுவது?

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் இதுதான் பெரிய கேள்வி. "ஆளுக்குப் பாதி" என்று எழுதினால் பிள்ளைகள் அளப்பதற்குள் உறவு அறுந்துவிடும். சர்வே எண், நான்கு எல்லை, எது வடபாதி எது தென்பாதி, யாருக்கு எது என்று எழுதுங்கள். முடிந்தால் சர்வேயரை வைத்து அளந்து ஒரு வரைபடம் போட்டு இணையுங்கள். அதைவிட முக்கியம் தண்ணீரும் பாதையும். கிணறு யார் பாகத்தில் இருக்கிறது, மோட்டார் இணைப்பு யார் பெயரில், இன்னொருவர் வாரத்தில் எந்த நாட்கள் இறைத்துக்கொள்வது, ரோட்டிலிருந்து உள்பாகத்துக்கு வண்டி போக எத்தனை அடிப் பாதை விடுவது, இவற்றை எழுதாத உயிலால் ஒரு குடும்பம் வரப்பில் நின்று கத்திக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். மரங்களை எண்ணி எழுத வேண்டாம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் நம் பக்கத்து முந்திரியும் பலாவும் ஒரே காலையில் சாய்ந்ததைப் பார்த்தோமே. மண்ணை எல்லை சொல்லி எழுதுங்கள், அதில் அன்றைக்கு என்ன நிற்கிறதோ அது அந்தப் பாகத்தோடு போகட்டும்.

பிரிக்கவே முடியாத சின்ன வீடாக இருந்தால், ஒருவர் வீட்டை எடுத்துக்கொண்டு மற்றவருக்கு அன்றைய மதிப்பில் பாதியை இத்தனை மாதத்துக்குள் தர வேண்டும், முடியாவிட்டால் விற்றுப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று வழி சொல்லி வையுங்கள்.

நகைகளை என்ன செய்வது?

"என் நகைகள் எல்லாம் மகளுக்கு" என்று எழுதாதீர்கள். லாக்கரில் மருமகளுடைய நகையும் சேர்ந்து இருக்கும். உருப்படி உருப்படியாக, "சிவப்புக் கல் அட்டிகை ஒன்று, சுமார் மூன்று சவரன்" என்கிற மாதிரி எழுதுங்கள். அடகில் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பேங்கில் மகனை நாமினியாகப் போட்டிருக்கிறேன். பணம் அவனுக்குத்தானே?

பேங்க் பணத்தை அவரிடம் கொடுக்கும், அவ்வளவுதான். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்கிறவர் என்றுதான் உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. உயிலில் என்ன இருக்கிறதோ அதன்படிதான் உரிமை. 2015-க்குப் பிறகு இன்சூரன்ஸ் பாலிசியில் மட்டும், பிள்ளையையோ பெற்றோரையோ கணவன் மனைவியையோ நாமினியாகப் போட்டால் தொகை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் மாறியிருக்கிறது. பேங்க் கணக்கில் நான்கு பேர்வரை சதவீதம் போட்டு நாமினி வைக்க 2025 நவம்பரிலிருந்து வழி வந்திருக்கிறது. உயிலும் நாமினேஷனும் ஒரே மாதிரி இருக்கும்படி மாற்றிக்கொண்டால் ஒரு சண்டை மிச்சம்.

வீட்டின்மேல் கடன் இருக்கிறது. பிள்ளைகள் தலையில் விழுமா?

உயில்படி வீடு யாருக்கு வருகிறதோ, அவருக்குக் கடனோடு சேர்த்துத்தான் வரும். வேறு பணத்திலிருந்து அடைக்க வேண்டுமானால் அதை உயிலில் எழுத வேண்டும். நீங்கள் விட்டுப் போகும் சொத்தின் மதிப்புக்கு மேல் பிள்ளைகள் தங்கள் கைக்காசிலிருந்து கட்ட வேண்டியதில்லை, அவர்களே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் தவிர.

பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டேன். இப்போது நான் மறுமணம் செய்துகொள்ள நினைக்கிறேன்.

நல்லபடியாகச் செய்துகொள்ளுங்கள். உயில் இல்லையென்றால் புதிய துணைக்கும் பிள்ளைகளோடு சமப் பங்கு உண்டு, பிள்ளைகள் முகம் சுளிப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். துணைக்கு ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை, அதன் பிறகு வீடு பிள்ளைகளுக்கு என்று எழுதி, கல்யாணத்துக்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிவிட்டால் அந்த முகங்கள் மாறுவதைப் பார்ப்பீர்கள். இந்துக்கள் எழுதிய உயில் மறுமணத்தால் ரத்தாகாது. கிறிஸ்தவர்கள் எழுதிய உயில் திருமணத்தால் ரத்தாகிவிடும், அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு புதிதாக எழுத வேண்டும்.

என் மகனுக்கு மனவளர்ச்சி குறைவு. 30 வயதாகிறது. எனக்குப் பிறகு?

அவர் பெயரில் நேரடியாக வீட்டை எழுதிவிட்டு நிற்காதீர்கள், அவரால் அதை நிர்வகிக்க முடியாது, வேறு யாரோ நிர்வகிப்பார்கள். 1999-ஆம் வருடத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள 18 வயது தாண்டியவர்களுக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு நியமிக்கும். நீங்கள் இருக்கும்போதே அந்த மனுவைக் கொடுங்கள். சொத்தை ஒரு அறக்கட்டளையாக எழுதி, வருமானம் அவர் செலவுக்கு மட்டும், கணக்குக் காட்ட வேண்டியது இன்னார் என்று வைக்கலாம். இதை மட்டும் நல்ல வக்கீல் ஒருவரிடம் கொடுத்து எழுதுங்கள், செலவானாலும் பரவாயில்லை.

எனக்கு முன்னால் ஒரு பிள்ளை போய்விட்டால்?

யாரும் எழுதப் பிடிக்காத வரி. அந்தப் பிள்ளைக்குப் பிள்ளைகள் இருந்தால் பங்கு அவர் வழியிலேயே நிற்கும் என்று சட்டம் சொல்கிறது. இருந்தாலும் "அவர் இல்லாத பட்சத்தில் இன்னாருக்கு" என்று ஒரு வரி எழுதுங்கள். கூடவே, "இதில் குறிப்பிடாத, இனி நான் சம்பாதிக்கிற சொத்துக்கள் இன்னாருக்கு" என்றும் ஒரு வரி.

கிறிஸ்தவர்கள், இஸ்லாமியர்களுக்கு என்ன வித்தியாசம்?

கிறிஸ்தவர்கள் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. மகளுக்கு எழுதிவிட்டு மருமகனைச் சாட்சி போட்டால் மகள் பங்கு போச்சு. இஸ்லாமியர்கள், இறுதிச் செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மற்ற வாரிசுகள் சம்மதமில்லாமல் உயிலில் எழுத முடியாது. சுன்னி முறைப்படி, வாரிசாக வரக்கூடிய ஒரு பிள்ளைக்கு மட்டும் உயில் எழுதவும் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

நாங்கள் புதுச்சேரி, தாத்தா காலத்திலேயே பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிய குடும்பம்.

1881 செப்டம்பரில் வந்த பிரெஞ்சு ஆணைப்படி சொந்த மதச் சட்டத்தைத் துறந்து, குடும்பப் பெயர் எடுத்துக்கொண்ட ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும் அவர்களுக்குப் பிரெஞ்சு சிவில் சட்டம்தான் தொடர்கிறது. அதில் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பங்கை உயிலால் தொட முடியாது. ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் நான்கில் மூன்று. மீதியைத்தான் உங்கள் விருப்பப்படி எழுத முடியும். மேலே நான் "யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்" என்று சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. பிரெஞ்சுக் குடியுரிமை இருப்பது வேறு, ரெனோன்சானாக இருப்பது வேறு. தாத்தாவின் பிறப்பு, திருமணப் பதிவுகளை எடுத்துக்கொண்டு புதுச்சேரியில் இந்தச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள்.

நிறைவேற்றுநர் என்று ஒருவரைப் போட வேண்டுமா? கோர்ட்டுக்குப் போக வேண்டுமா?

உயிலில் எழுதியபடி நடத்திக் கொடுப்பவர்தான் நிறைவேற்றுநர், ஒருவரைப் போடுவது நல்லது. இரண்டு பிள்ளைகளில் ஒருவரைப் போட்டால் மற்றவருக்கு மனசு சுருங்கும், இருவரையும் சேர்த்துப் போடுங்கள், அல்லது இருவரும் மதிக்கிற தாய்மாமா, சித்தி மாதிரி ஒருவர். நம் வீட்டில் அதட்டல் போட ஆள் இல்லை என்றேன் இல்லையா, அந்த இடத்துக்குத்தான் இவர். கடலூர், புதுச்சேரியில் இருக்கிற சொத்துக்கு இந்துக் குடும்பங்கள் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று, வாங்குவது கட்டாயம் இல்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உயில் நகலோடு பட்டா மாற்றத்துக்கு மனு கொடுக்கலாம். யாராவது ஆட்சேபித்தால்தான் கோர்ட்.

எழுதிய உயிலை எங்கே வைப்பது?

பீரோவில் மட்டும் வைக்காதீர்கள். தானே புயல் அன்று எங்கள் வீட்டு ஓடு பறந்து பீரோவுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. தாய்ப்பத்திரம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழியும்போல் இருந்தது. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் தாளுக்குத் தாள் செய்தித்தாளை நுழைத்து, பாயில் பரப்பி, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கரண்டி வைத்துக் காயவைத்தோம், நீல மை ஊறிப்போய் சில வரிகள் இன்றைக்கும் படிக்க முடியாது. பதிவான உயிலாக இருந்தால் அசல் அழிந்தாலும் நகல் கிடைக்கும். பதிய விருப்பமில்லாதவர்கள் உயிலை மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம், காலத்துக்குப் பிறகு மனு கொடுத்தால் திறப்பார்கள். பேங்க் லாக்கரில் வைத்தால், லாக்கரைத் திறக்கவே வாரிசு யார் என்று காட்ட வேண்டியிருக்கலாம், அதனால் அங்கே மட்டும் வைக்காமல் நிறைவேற்றுநரிடம் ஒரு நகல் கொடுத்து வையுங்கள். போன், பேங்க் ரகசிய எண்களை உயிலுக்குள் எழுத வேண்டாம்.

பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லலாமா?

சொல்லிவிடுங்கள் என்பது என் கருத்து. அடிதடி ஆகும் வீடு என்றால் மட்டும் சொல்லாமல் இருக்கலாம். நான் போன பொங்கலுக்கு இரண்டு பேரும் வந்திருந்தபோது, கரும்பு தின்றுகொண்டிருந்த இடத்திலேயே உயிலை எடுத்து வந்து வாசித்தேன். மகன் "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்" என்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டான், ஆனால் போகாமல் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். மகள் கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "தையல் மிஷின் யாருக்குன்னு எழுதலியே?" என் கணவர் தவறிய வருடம் நான் வாங்கி, இரவெல்லாம் ஓட்டி, இருவர் பள்ளிக்கூடச் செலவும் பார்த்த மிஷின் அது. விற்றால் ஆயிரம் ரூபாய்கூடப் பெறாது என்பதால் நான் எழுதவில்லை. வாசலில் நின்றவன் உள்ளே வந்து "அது எனக்கு வேணும்" என்றான். மறுமாதம் மஞ்சக்குப்பம் போய் அந்த ஒரு உருப்படிக்காக இணைப்பு உயில் எழுதிப் பதிந்துவிட்டு வந்தேன்: மிஷின் மகளுக்கு, அதன் மேல்மூடிப் பலகையில் அவன் சின்ன வயதில் காம்பஸால் பெயர் கீறியிருக்கிறான், அந்தப் பலகை மகனுக்கு.